பனித்தளத்தில் ஒரு விக்கெட் கீப்பர்

ஐஸ் ஹாக்கியை என் தலையில் கட்டியவர் எங்கள் விளையாட்டுப் பக்க ஆசிரியர். இரண்டாயிரங்களின் நடுவில், துபாயில் ஓர் ஆங்கில நாளிதழில் நான் உதவியாசிரியராக இருந்தேன். கிரிக்கெட் ஒரு பாகிஸ்தானியரிடம் இருந்தது. கால்பந்து ஓர் எகிப்தியரிடம். கோல்ஃபும் குதிரைப் பந்தயமும் வெள்ளைக்காரர்களிடம். யாரும் கேட்காமல் மேசையில் கிடந்தது ஐஸ் ஹாக்கி ஒன்றுதான்.

“நீ இந்தியன். ஹாக்கி உங்கள் ஊர் விளையாட்டு. நீயே பார்த்துக்கொள்” என்றார்.

அது புல்தரை ஹாக்கி, இது வேறு என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஒன்றில் தரை வழுக்கும், இன்னொன்றில் வழுக்காது. மற்றபடி என்ன?” என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு பழைய ஹோட்டலை ஒட்டி அந்த ஐஸ் ரிங்க் இருந்தது. வெளியே சட்டை முதுகில் ஒட்டும். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனால் மூக்குக் கண்ணாடி வெளுத்து ஒன்றும் தெரியாது. துடைத்துப் போட்டால் எதிரே பனித்தளம், அதைச் சுற்றி இடுப்பளவு பலகை, பலகைக்கு மேலே கண்ணாடித் தடுப்பு. வெள்ளிக்கிழமை மாலைகளில் லீக் நடந்தது. ஆடியவர்கள் கனடாவிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் வந்த எஞ்சினியர்கள், விமானிகள், பள்ளி ஆசிரியர்கள். கூடவே இந்த ஊர் இளைஞர்கள் சிலர், அவர்கள்தான் எல்லோரையும்விட வேகம்.

நான் போன முதல் மாலையில் எனக்கு ஆட்டம் ஒன்றும் பிடிபடவில்லை. பக் என்று அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் அங்கேதான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். எனக்கு மிக அருகில் நின்றவர் ஓர் அணியின் கோல்கீப்பர். மார்பில் மெத்தை, கால்களில் கதவுபோல இரண்டு காப்பு, முகத்தில் கம்பி வைத்த முகமூடி. ஆள் அடிக்கடி தன் அணிக்காரர்களைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். ஃபின்லாந்துக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த முறை ஆட்டம் இந்தப் பக்கம் வந்தபோது தெளிவாகக் கேட்டது.

“லெக் சைடுல விடாதடா, எரும!”

இடைவேளையில் முகமூடியைக் கழற்றினார். என் அத்தை மகன்.

அவன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோனாப்பூரில் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப். துப்புரவு ஆட்களை இடங்களுக்கு அனுப்பும் ஒரு சப்ளை கம்பெனியில் வேலை. அவனைப் போய்ப் பார்க்கும்போதெல்லாம் “கூலிங்ல டூட்டி மச்சான்” என்பான். ஏதோ மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு என்று நான் எண்ணியிருந்தேன். விசாரிப்பதையே தொழிலாகக் கொண்டவன், சொந்தக்காரனிடம் விசாரித்ததில்லை.

“என்னடா மாப்ளே இது?”

“கீப்பிங் மச்சான்.” வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. அந்தக் குளிரில் வியர்த்தவர்கள் ஆடுகிறவர்கள் மட்டும்தான், அவர்களிலும் அவனுக்குத்தான் அதிகம். “நம்ம கீப்பிங்தான். இதுல ஸ்டம்ப்பு கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.”

அவன் அந்தக் கோல் கூண்டுக்குள் போன கதை இது. ரிங்க்கில் அவனுக்கு வேலை கூட்டுவது, வாடகை ஸ்கேட்டுகளைப் பொறுக்கித் துடைத்து அடுக்குவது, பலகையோரம் சேரும் பனித்தூளைச் சுரண்டி எடுப்பது. ஒருநாள் பயிற்சிக்கு அணியின் கோல்கீப்பர் வரவில்லை. ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர் கிடைப்பது எப்போதுமே கஷ்டம். எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை. கல்லாக உறைந்த ரப்பரை நெஞ்சில் வாங்கிக்கொள்ள எவன் வருவான்? அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தளத்தின் வாடகையை மற்றவர்கள் எல்லோரும் பங்குபோட்டுக் கட்டுவார்கள். கோல்கீப்பர் கட்ட வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் கேன்டீனில் அவருக்குச் சாப்பாடும் வாங்கிக் கொடுப்பார்கள். அன்று கேப்டன் தடுப்பைத் தட்டி யாராவது நிற்கிறீர்களா என்று கேட்க, என் அத்தை மகன் துடைப்பத்தோடு கையைத் தூக்கியிருக்கிறான்.

“நான் கீப்பர்தான்னு சொன்னேன். பொய்யா? வெள்ளிக்கிழமை சோனாப்பூர் கிரவுண்டுல நம்ம டீமுக்கு கீப்பர் யாரு?”

ஸ்கேட் போடத் தெரியாது. ரப்பர் பூட்ஸுக்கு மேல் காப்புகளைக் கட்டிக்கொண்டு நின்றான். வந்த பக்குகளில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டான். மிச்சம் அவன் மேல் பட்டுத் திரும்பியது. சில மாதங்களில் ஸ்கேட்டிலும் நிற்கப் பழகிவிட்டான். ஓடச் சொன்னால் கைகளைப் பரத்திக்கொண்டு தள்ளாடுவான், ஆனால் கோல்கீப்பர் ஓட வேண்டியதில்லையே. பழைய கோல்கீப்பர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனதும் அணி அவனை அப்படியே வைத்துக்கொண்டது. அந்த லீக்கில் காசு கட்டி ஆடாமல், ஆடிச் சாப்பிட்டவன் அவன்தான். தொழில்முறை ஆட்டக்காரன் என்பதற்கு எங்கள் பத்திரிகை வைத்திருந்த விளக்கம் அவனுக்குப் பிசிறில்லாமல் பொருந்தியது.

அதில் அவனுக்குத் தலைக்கனமும் ஏறியிருந்தது. கேன்டீன் ஃப்ரீசரில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பக் வாளியை உறைய வைப்பது அவன் பொறுப்பு. உறையாத பக் துள்ளும், உறைந்தது வழுக்கிக்கொண்டு போகும். வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது வெடிகுண்டு நிபுணரைப் போல எல்லோரையும் விலகச் சொல்வான். ஒருமுறை விடிகாலையில் வேறு வேலையாக சோனாப்பூர் போயிருந்தேன். சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் நின்றிருந்தன. கொத்தனார்களும் சாரம் கட்டுகிறவர்களும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்க, இவன் மட்டும் கம்பளி ஸ்வெட்டரைக் கையில் வைத்திருந்தான்.

“என்னப்பா, ஊட்டிக்கா?” என்றார் வரிசையில் ஒருவர்.

“ஆமண்ணே, எஸ்டேட்ல டூட்டி.”

“அப்படியே கொஞ்சம் டீத்தூள் வாங்கிட்டு வா.”

“டீத்தூள் இல்லண்ணே, ஐஸ்தான் இருக்கு. வேணும்னா தலையில வச்சுக்க கொண்டாரேன்.”

அந்த வசந்தத்தில் அவன் கேலி கொஞ்சம் அடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேம்ப் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் மேலிருந்து காலைத் தொங்கப் போட்டபடி சொன்னான்:

“ஜூன்லேர்ந்து ரிங்க்ல ஒரு ஆளு போதும்னு கம்பெனி சொல்லிருச்சு மச்சான். ஒருத்தன எடுத்துருவாங்களாம்.”

“எடுத்து எங்க போடுவாங்க?”

“டவர் கண்ணாடி துடைக்க. வெளிப்பக்கம். தொட்டில்ல தொங்கணும்.”

ஷேக் ஸாயித் ரோட்டில் அந்தத் தொட்டில்களை நான் தினமும் பார்ப்பேன். கண்ணாடிச் சுவர் வெயிலை வாங்கி, துடைக்கிறவன் முகத்திலேயே திருப்பியடிக்கும்.

ரிங்க்கில் இருந்த இன்னொரு துப்புரவாள் ஒரு நேபாளி. அவர் ஐஸைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார், அதனால் அவரைத் தொட மாட்டார்கள். மிச்சம் இவன்தான். ஒரே ஒரு வழி இருந்தது. ரிங்க் மேனேஜர் ஒரு மலையாளி. அவர் நினைத்தால் முதலாளியிடம் சொல்லி இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள முடியும். அவர் சொன்னதை இவன் அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினான்: “எடா, டீமுக்கு நீ வேணும்னா நான் முதலாளிகிட்ட பறஞ்சு வைக்காம். டீமுக்கு வேண்டான்னா என் கையில ஒண்ணும் இல்லா.”

கோடையில் குடும்பங்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடும். தனியாக விடப்பட்ட கணவன்மார் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் தினமும் மாலையில் ஹாக்கி ஆடுவார்கள். தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்துகொண்டு, ஒரு கோலைப் பலகையால் அடைத்துவிடுவார்கள், இன்னொன்றுக்கு ஒரு கோல்கீப்பர் தேவை. அது இவனாக இருக்கும்வரை இவனுக்கு வெயில் இல்லை. கணக்கு தெளிவாக இருந்தது.

அப்போதுதான் நிஜமான கோல்கீப்பர் ஒருவர் துபாய் வந்து சேர்ந்தார்.

கனடாக்காரர். நாற்பதைத் தொட்டவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, ரிங்க்கில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர கோச்சாக வந்திருந்தார். வாழ்க்கை முழுவதும் கோலில் நின்று சம்பளம் வாங்கியவர் என்று ஊரெல்லாம் பேச்சு. பேட்டி எடுக்க என்னை அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன்பே அத்தை மகனிடமிருந்து போன்.

“மச்சான், ஆள நல்லாப் பாத்துட்டு வாங்க. முட்டி எப்படி இருக்குன்னு பாருங்க. கீப்பருக்கு முட்டிதான்.”

கேன்டீனில் சந்தித்தோம். உயரமான மனிதர், உட்கார்ந்தாலும் கொஞ்சம் குனிந்தே இருந்தார். பின்னால் யாரோ தட்டு ஒன்றைக் கீழே போட்டார்கள். அவர் திரும்பவில்லை. ஆனால் இடது கை மட்டும் மேசைக்கு மேலே எழுந்து விரிந்தது, பிறகு அசட்டுத்தனமாக ஃப்ரைஸ் பக்கம் போனது.

ஏன் கோல்கீப்பர் ஆனீர்கள் என்று கேட்டேன். அண்ணனுக்கு அடிக்க ஆசை, அடிக்க எதிரே ஒருவன் வேண்டும், வீட்டில் மிச்சம் இருந்தது தான் ஒருவன்தான் என்றார். அதன்பின் யாரும் அவரை அந்த இடத்தைவிட்டு நகர விடவில்லை. சின்ன ஊர்களின் சின்ன அணிகள். பனியில் இரவும் பகலும் ஓடும் பஸ்கள். பெரிய லீக்கிலிருந்து ஒரு பருவம் அழைப்பு வந்தது, ஆனால் மாற்று கோல்கீப்பராக. மாற்று கோல்கீப்பருக்கு ஆட்டத்தில் ஒரே வேலைதான், ஆட்டக்காரர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது.

“அதில் எனக்கு நல்ல பெயர்” என்றார். “என் கதவில் யார் விரலும் நசுங்கியதில்லை.”

ஒரே ஒருநாள் முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டு இவரை இறக்கினார்கள். இவரை நோக்கி வந்த முதல் பக் உள்ளே போய்விட்டது. பிறகு ஐரோப்பாவில் சில நாடுகள், சில அறுவை சிகிச்சைகள்.

நீங்கள் தடுத்ததில் சிறந்தது எது என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தடுத்தது எதுவும் நினைவில்லை, விட்டது எல்லாம் நினைவிருக்கிறது என்றார். வேறு கேள்வி தோன்றாததால், நீங்கள் எப்போதாவது கோல் போட்டதுண்டா என்றேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“இல்லை” என்றார். “ஒன்றுகூட இல்லை.”

வெளியே வந்தபோது அத்தை மகன் ஸ்கேட் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தான்.

“முட்டி?”

“எந்திரிக்கும்போது சத்தம் கேட்டுச்சு.”

“ஒரு முட்டியா, ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“முருகா!” முகம் மலர்ந்துவிட்டது. உடனே அதை அடக்கிக்கொண்டு, “பாவம், வலிக்குமோ என்னமோ” என்றான்.

லீக்கில் பெயர் பதிவு முடிந்துவிட்டதால் அந்தப் பருவத்தில் கனடாக்காரர் ஆட முடியாது. மே மாத இறுதிப் போட்டிக்கு இவன்தான் கோல்கீப்பர். எதிரணி அபுதாபி. அவர்களிடம் எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர் ஒருவர் இருந்தார். அவர் அடித்தால் பக் கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும்.

இனி நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறை உலகத்தில் வேறெந்த கோல்கீப்பரும் செய்திருக்க முடியாது.

வழக்கமாக இவன் கோல் கோட்டுக்கு நன்றாக முன்னால் வந்து நிற்பான். ஸ்பின் பந்துவீச்சுக்கு ஸ்டம்ப்பை ஒட்டி நிற்பது மாதிரி என்று அவனே சொல்வான். ஆனால் அன்று எஞ்சினியர் பக்கோடு வருவதைப் பார்த்ததும், வேகப்பந்து வீச்சாளர் வந்தால் எந்த விக்கெட் கீப்பரும் செய்வதைச் செய்தான். பின்னால் போய் நின்றான். பின்னால் என்றால் கோல் கோட்டின் மேலேயே. கிரிக்கெட்டில் கீப்பருக்குப் பின்னால் மைதானம் இருக்கிறது. இங்கே வலை இருக்கிறது.

ஆட்டம் முடியப் போகும் நேரம், இரண்டு அணிகளும் சமம். எஞ்சினியர் அடித்தார். தலை உயரத்துக்கு வந்த பக்கை இவன் இடது கையில் அள்ளினான். அப்படி ஒரு கேட்ச்சை நான் கிரிக்கெட்டிலும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வேகமாக வரும் பந்தைக் கை விறைப்பாக வாங்கக் கூடாது, அதோடு சேர்ந்து கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அப்போதுதான் பந்து தெறிக்காது. எல்லாக் கீப்பருக்கும் ரத்தத்தில் ஊறியது அது. கை பின்னால் போனது. பக்கும் போனது. கோட்டைத் தாண்டி வலைக்குள். கையுறைக்குள் இருந்தாலும் பக் முழுதாகக் கோட்டைத் தாண்டிவிட்டால் அது கோல்.

அவனுக்குத் தெரியவில்லை. கையுறையை மேலே தூக்கி, மறு கையில் மட்டையோடு ரெஃப்ரியைப் பார்த்துத் திரும்பி, அவுட் கேட்பதுபோல ஒரு முழக்கம் போட்டான். எதிரணியும் அதே நேரத்தில் கைகளைத் தூக்கியது. ஒரு சில நொடிகள் இரண்டு பக்கமும் ஒரே நிகழ்ச்சிக்கு மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். பிறகு ரெஃப்ரி வலையைச் சுட்டிக் காட்டினார்.

“கேட்ச் புடிச்சேன்ல! கையில இருக்குல்ல, பாருங்க!” என்று அவன் கையுறையை எல்லோர் முகத்துக்கு நேரேயும் நீட்டினான். பிடித்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கடைசி நேரத்தில் விழுந்த கோலால் அபுதாபி வென்றது என்று எழுதினேன். யாருடைய கை என்று எழுதவில்லை. பத்தியில் இடமும் இல்லை, ஊரில் அத்தையும் இருக்கிறார்.

கோப்பை போனதில் கேப்டனுக்குக் கோபம். அவர் பாலம் கட்டும் எஞ்சினியர், சிரித்தபடிதான் பேசுவார், அன்று சிரிக்கவில்லை. கோடைக்குக் கனடாக்காரரையே கோலில் நிறுத்திவிடலாம், நிஜமான ஆள் இருக்கும்போது எதற்கு விக்கெட் கீப்பர் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் இவனைக் கூப்பிட்டார்.

“மோனே, நான் எந்து செய்யும்? டீம் வேண்டான்னு பறஞ்சு. நாளைக்கு ஃபோர்மேன் வரும். நீ சாமான் எடுத்து வச்சுக்கோ.”

மறுநாள் ஜூன் மாதத்தின் முதல் மாலை ஆட்டம். நானும் போயிருந்தேன், வேலையாக இல்லை. சப்ளை கம்பெனியின் ஃபோர்மேன் ஒரு பஞ்சாபி, ஆளைக் கூட்டிக்கொண்டு போக வந்து கேன்டீன் வாசலில் நின்றிருந்தார். அத்தை மகன் பையோடு ஓரத்தில் நின்றான். தளத்தில் கேப்டன் கால்காப்புகளையும் கையுறையையும் இரண்டு கைகளிலும் ஏந்தி, மாலை மரியாதை செய்வதுபோலக் கனடாக்காரரிடம் நீட்டினார்.

அவர் கையுறையை மட்டும் வாங்கினார். உள்ளே கையை விட்டு ஒருமுறை மூடித் திறந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“முழங்காலா?” என்றார் கேப்டன்.

“முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நான் அங்கே போக வேண்டும்.” அவர் மட்டையால் எதிர்முனையைக் காட்டினார். “இத்தனை வருஷமும் அந்த இடத்தை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடக்கும்போது அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.”

“அப்படியானால் கோலில் யார்?”

அவர் பையோடு நின்றவனைக் காட்டினார்.

“அவன்தானே கோப்பையைத் தொலைத்தான்!”

“நான் இன்னும் நிறையத் தொலைத்திருக்கிறேன். இதோ பாருங்கள். கோல் காலியாக இருந்தால் இந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அவனை நிறுத்துங்கள். இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போகிறேன்.”

மேனேஜர் ஃபோர்மேனிடம் நடந்தார். “பாய், யே நஹி ஜாயேகா. தூஸ்ரா ஆத்மி தேகோ.” இவன் வர மாட்டான், வேறு ஆளைப் பார் என்று அர்த்தம்.

ஃபோர்மேன் பையைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார். “அச்சா. மாசக் கடைசியில வர்றேன், அப்ப பாக்கலாம்” என்கிற பொருளில் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் கிடைத்தது. ஜூன் கடைசியில் அவர் வந்தபோதும் நிலைமை மாறவில்லை, இன்னொரு மாதம் கிடைத்தது.

நிலைமை மாறாததற்குக் காரணம் கனடாக்காரர் ஒரு கோலும் போடாததுதான். நான் பார்த்தவர்களிலேயே மோசமான முன்வரிசை ஆட்டக்காரர் அவர். ஸ்கேட்டில் வழுக்கிக்கொண்டு போவதில் குறையில்லை, மட்டைதான் அவர் சொல் கேட்கவில்லை. கோல்கீப்பருக்கு எங்கே அடித்தால் சுகமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கை தானாக அங்கேயே அடித்தது. ஒவ்வொரு பக்கும் இவன் நெஞ்சுக்கு நேராக வந்து, மடியில் விழுந்தது. விழுந்து எழுவார், சிரிப்பார், மறுபடி வருவார்.

முகமூடிக்குள்ளிருந்து இவன் வரவேற்பான்: “வாங்க கோச், வாங்க! கதவு தொறந்துதான் கெடக்கு. யல்லா, யல்லா!”

மேனேஜருக்குக் கவலை. ஒரு மாலை கேன்டீனில் இவனைப் பிடித்து உட்கார வைத்தார். “எடா, ஒண்ணு விட்டுக்கொடு. பாவம் மனுஷன். கோல் அடிக்காம மடுத்து, சலிச்சுப் போயி, போதும்னு சொல்லி அவன் கோல்ல வந்து நின்னா நீ எவிடே போகும்?”

“விடக் கூடாதுண்ணே. அவரு வாழ்க்கையில ஒண்ணுதான் கேட்டாரு. அது கெடச்சுட்டா ஆசை தீந்துரும். ஆசை தீந்தா அடுத்த நாளே பழைய எடத்துல போயி நின்னுருவாரு. அப்ப எனக்குத் தொட்டிலு.”

“எந்தா சாரே, நீங்க பறய்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு தரப்பையும் முழுதாகக் கேட்டுவிட்டு முடிவு எதுவும் சொல்லாமல் நகர்வது எங்கள் தொழில். டீயைக் குடித்தேன்.

“போகட்டும் மாப்ளே,” என்றேன் பிறகு, “விடணும்னு நெனச்சா உன்னால விட முடியுமா?”

கொஞ்சம் யோசித்தான். “அதான் தெரியல மச்சான். கை முன்னாடியே போயிருது.”

ஜூலை முடிய ஒருநாள் இருந்தது. மறுநாள் ஃபோர்மேன் வரும் நாள். வெளியே காற்று ஈரத்துணிபோல முகத்தில் ஒட்டிய அந்த மாலையில்தான் கோல் விழுந்தது. கேப்டன் தூரத்திலிருந்து அடித்தார். கனடாக்காரர் கோலுக்கு முன்னால், இவனுக்குப் பார்வை மறைக்கும்படி, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக் அவர் பின்புறத்தில் பட்டுத் திசை மாறி, இவன் காலுக்கு அடியில் போய்விட்டது. அவருக்கே தெரியவில்லை. எல்லோரும் கத்தினார்கள். யார் அடித்தது என்று அவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அது கோலே இல்ல!” இவன் கூண்டைவிட்டு வெளியே வந்துவிட்டான். “பின்னாடி பட்டுப் போச்சு! ஆளு வேணும்னே மறைச்சாரு! ரெஃப்ரி! ரெஃப்ரி எங்கய்யா?”

கோடை ஆட்டத்தில் ரெஃப்ரி கிடையாது.

கனடாக்காரர் தடுப்போரம் என்னிடம் வந்தார். “அவர் என்ன சொல்கிறார்?”

சொன்னேன்.

“சம்பளம் வாங்கிய நாளெல்லாம் நானும் அதையேதான் கத்தினேன்” என்றார். “ஒருவரும் கேட்டதில்லை. கோல்தான்.”

முதல் கோல் போட்டவருக்கு அந்தப் பக்கை எடுத்துக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கமாம். வலைக்குள் கிடந்ததைக் கோல்கீப்பர்தான் எடுக்க வேண்டியிருந்தது. இவன் குனிந்து எடுத்து, தடவிப் பார்த்து, அவர் கையில் வைத்தான். “இந்தாங்க கோச். பூஜை ரூம்ல வச்சுக்கங்க” என்றான். அவருக்குப் புரியவில்லை, நன்றி சொன்னார். அன்று கேன்டீனில் இவன் சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை ஃபோர்மேன் சொன்னபடி வந்தார். டீ வாங்கிக்கொண்டு வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். மேனேஜர் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோலக் குனிந்தே இருந்தார். அத்தை மகன் வாடகை ஸ்கேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். கதவைப் பார்க்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கேப்டன் வந்தார். கால்காப்புகள் கோலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தன. கனடாக்காரரைக் காணவில்லை.

“ஆசை தீந்துருச்சு” என்றான் இவன், ஸ்கேட்டைப் பார்த்து.

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குக் கதவு திறந்தது. எல்லோரும் அவர் தோளிலிருந்த பையைத்தான் பார்த்தோம். கோல்கீப்பரின் பை ஆள் படுக்கும் அளவுக்கு இருக்கும். இது சின்னப் பை. மறு கையில் பளபளவென்று ஒரு புது மட்டை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“மட்டை வாங்கப் போனதில் தாமதம்” என்றார் கேப்டனிடம். “நேற்றையது பின்பக்கத்தால் போட்டது. அதை ஊரில் சொன்னால் அண்ணன் சிரிப்பான். முன்பக்கத்தால் ஒன்று போட வேண்டும்.”

நான் தமிழில் சொன்னேன். அத்தை மகன் ஸ்கேட்டைக் கீழே வைத்தான். எழுந்து, வாசல் மேசைப் பக்கம் திரும்பி, “பாய், ஏக் சாய் அவுர் பியோ. மேரா ஹிசாப்” என்றான். இன்னொரு டீ, இவன் கணக்கில். அப்புறம் காப்புகளைக் கட்டிக்கொள்ளப் போனான்.